அப்பாவின் கட்டம்போட்ட சட்டைக்கு மெட்ராஸில் துணி கிடைக்குமா?

ராயபுரத்துக்காரி | திங்கள், இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கே சுத்தலாம், எந்தக் கடையில என்ன கிடைக்கும்னு இங்க நிறைய பேர் எழுதறீங்க. அந்த நம்பிக்கையில கேக்கறேன்.

அப்பா துறைமுகத்துல வேலை பார்த்தவர். போன வருஷம் தவறிட்டார். போன வாரம் டிரங்க் பெட்டியைப் பிரிச்சப்ப அடியில ஒரு அரைக்கைச் சட்டை கிடைச்சது. நீலம், மெரூன், நடுவுல மெல்லிசா மஞ்சள் கோடு. கட்டம் ஒண்ணோட ஒண்ணு கலங்கி, மழையில நனைஞ்ச படம் மாதிரி இருக்கு. 70-களின் நடுவுல தைச்சதுன்னு அம்மா சொல்றாங்க. கையில எடுத்தா கனமே இல்ல.

அதே மாதிரி துணி வாங்கி எனக்கு ஒரு குர்த்தி, தம்பிக்கு ஒரு சட்டை தைக்கணும். மால்ல 'மெட்ராஸ் செக்ஸ்'னு எழுதி வச்சிருந்ததைத் தொட்டுப் பார்த்தேன். பாலியஸ்டர் கலந்தது, மேல அச்சடிச்ச கட்டம். மெட்ராஸ்லயே மெட்ராஸ் துணி கிடைக்காதா? சனி மட்டும்தான் லீவு. 12 வயசுப் பொண்ணையும் கூட்டிட்டுப் போகணும், அதனால அவளுக்கும் பார்க்க ஏதாவது இருக்கற வழியா சொல்லுங்க.

பிராட்வே பாலு | திங்கள், இரவு 10:15

மேடம், நேரா கோடவுன் தெரு. வேற எங்கயும் போகாதீங்க. சனிக்கிழமைதான் சரி, ஞாயிறு மொத்த பஜாரும் ஷட்டர் இறக்கிடும்.

மெட்ரோவுல உயர் நீதிமன்றம் ஸ்டேஷன்ல இறங்கி என்.எஸ்.சி. போஸ் சாலையோட நடந்து உள்ளே போயிடலாம். பத்தரைக்குள்ள போயிடுங்க. பன்னெண்டுக்கு மேல கைவண்டி, பார்சல், ஆட்டோன்னு தெருவுல கால் வைக்க முடியாது. பாதி கடை மொத்த வியாபாரம், தாகா (முழுச் சுருள்) கணக்குலதான் குடுப்பாங்க, மீட்டர் கேட்டா தலையாட்டிடுவாங்க. கட் பீஸ் கடைங்க தனியா இருக்கு. வாசல்ல குவியலா துணி கிடந்தா அதான். பொறுமையா உக்காந்து கிளறணும்.

முக்கியமா பன்னாவை, அதான் துணியோட அகலத்தை, கேளுங்க. 36 இஞ்ச் பன்னான்னா சட்டைக்கு ரெண்டரை மீட்டர் வரைக்கும் வேணும். 58 பன்னான்னா ஒண்ணே முக்கால்ல முடிஞ்சிடும். கைத்தறின்னா பன்னா பெரும்பாலும் குறைச்சலாத்தான் இருக்கும்.

ஊசிநூல் | திங்கள், இரவு 10:31

கட்டத் துணிக்குக் கூட கால் மீட்டர் சேர்த்தே வாங்குங்க. பட்டன் பட்டி, பாக்கெட், தோள் மூணு இடத்துலயும் கட்டம் சேரணும். நல்ல தையல்காரர் அதுக்காகவே துணியைத் தள்ளித் தள்ளி வெட்டுவார். நான் ஒருமுறை ஒரு கடையில குடுத்து, பாக்கெட் கட்டம் அரை இஞ்ச் இறங்கி வந்தது. போடும்போதெல்லாம் கண்ணு அங்கயே போகும். இருபத்தஞ்சு வருஷமா நானே தைக்கறேன், இன்னும் கட்டத் துணின்னா கத்தரி வைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிப்பேன்.

குறிஞ்சிப்பாடி தறி | செவ்வாய், காலை 6:05

எங்க வீடு தறி வீடு. தாத்தா காலத்துல இருந்து லுங்கி. நீங்க எழுதினதைப் படிச்சதும் பதில் போடணும்னு தோணிச்சு.

கட்டம் கலங்கியிருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அது துணியோட குறை இல்ல. அதான் அந்தத் துணியே. அந்தக் காலத்து மெட்ராஸ் கட்டத்துல நூலுக்குப் போட்ட சாயம் கெட்டி இல்ல. அவுரி, மஞ்சள் மாதிரி சாயங்கள், ஒவ்வொரு துவைப்புக்கும் கொஞ்சம் கசியும், பக்கத்து நூல்ல ஏறும். வருஷக் கணக்குல துவைக்கத் துவைக்க கோடெல்லாம் மெத்துனு ஆகி, புதுசா ஒரு நிறம் வரும். ஒரே தாகாவுல வெட்டின ரெண்டு சட்டையும் அஞ்சு வருஷம் கழிச்சு ஒரே மாதிரி இருக்காது.

இதுக்கு ஒரு கதை இந்தத் தொழில்ல எல்லாரும் சொல்வாங்க. 1958-ல வில்லியம் ஜேகப்சன்னு ஒரு அமெரிக்கத் துணி வியாபாரி இந்தியா வந்து, கேப்டன் சி.பி. கிருஷ்ணன்ங்கற ஏற்றுமதியாளர்கிட்ட இந்தத் துணியை ஆயிரக்கணக்கான கெஜம் வாங்கினார். பச்சைத் தண்ணியில, தனியா, கையால மெதுவா அலசணும்னு கிருஷ்ணன் சொல்லி அனுப்பினார். அந்தச் சேதி அமெரிக்காவுல சட்டை வாங்கினவங்களுக்குப் போய்ச் சேரலை. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில வாங்கினவங்க மெஷின்ல போட்டாங்க, கூடப் போட்ட துணியெல்லாம் சாயம் ஏறி, ஒரே ரகளை. அதுக்கப்புறம் விளம்பரத்துலயே 'சாயம் போகும், இதுக்கு நாங்க உத்தரவாதம்'னு எழுதி வித்தாங்க. 60-கள்ல அங்க காலேஜ் பசங்க உடம்புல எல்லாம் இதுதான். மக்கள் 'பிளீடிங் மெட்ராஸ்'னு பேர் வச்சுக் கேட்டு வாங்கினாங்க.

இப்ப எங்க ஊர்ல யாரும் அந்தச் சாயம் போடறதில்ல. லுங்கி சாயம் போச்சுன்னா வியாபாரி திருப்பி அனுப்பிடுவார். எல்லாம் கெட்டிச் சாயம். அதனால கடையில அதே துணி கேட்டீங்கன்னா கிடைக்காது, ஏமாந்துடாதீங்க. ஆனா கையால நெய்த, நூல்லயே சாயம் போட்ட கட்டம் கிடைக்கும். துணியைத் திருப்பிப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தமா இருந்தா நெய்த கட்டம். பின்பக்கம் வெளிறி இருந்தா அச்சு. ஓரத்துல ஒரு இழையை உருவிப் பாருங்க, இழை முழுக்க ஒரே நிறமா இருக்கணும்.

புதுசு 2003 | செவ்வாய், மதியம் 1:20

ஒரு சந்தேகம். நான் சென்னைக்கு வந்து ரெண்டு வருஷம்தான் ஆகுது. மெட்ராஸ் செக்ங்கறது நம்ம லுங்கி டிசைன்தானே? அதுக்கு எப்படி ஊர்ப்பேர் வந்தது? வேற ஊர்லயும்தான் கட்டம் நெய்யறாங்க.

ஓய்வுபெற்ற வாத்தியார் | செவ்வாய், மாலை 5:48

தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இந்த நகரமே துணிக்காகப் பிறந்தது. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்ததற்குத் துறைமுக வசதி காரணமே அல்ல; கப்பல் கரைக்கு வரவே முடியாது, மசூலாப் படகில்தான் சரக்கு ஏற வேண்டும். இந்தப் பக்கம் நல்ல துணி மலிவாகக் கிடைக்கும் என்பதுதான் காரணம். கோட்டை எழுந்த கையோடு கம்பெனிக்காரர்கள் நெசவாளர்களையும் வண்ணார்களையும் சாயக்காரர்களையும் கொண்டுவந்து குடியேற்றினார்கள்.

ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். நெய்த துணியை வெளுக்க வண்ணாரப்பேட்டை. சிந்தாதிரிப்பேட்டை என்று நாம் சொல்வது சின்னத் தறிப் பேட்டை. 1734-இல் கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில், கூவம் வளைந்து போகும் இடத்தில் சுங்குராம செட்டியாரின் தோட்டமாக இருந்த நிலத்தை எடுத்து, நூற்பவர்களுக்கும் நெய்பவர்களுக்குமாக அமைத்த குடியிருப்பு. திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டைக்கும் காலடிக்கும் சம்பந்தமில்லை. கவர்னர் ஜோசப் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த காலெட் பேட்டை மக்கள் வாயில் புழங்கிப் புழங்கி அப்படி ஆயிற்று. இன்று மெட்ரோ நீல வழித்தடத்தில் மண்ணடி, வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை என்று வரிசையாக ஸ்டேஷன் பெயர் அறிவிக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கும். அந்த அம்மா தன் மகளை அந்த ரயிலில் ஒருமுறை அழைத்துப் போகட்டும்.

இங்கிருந்து போன துணிக்குக் கப்பல் ஏறிய ஊர்ப் பெயரே நிலைத்துவிட்டது. கரீபியனில் மார்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா தீவுகளில் பெண்கள் விசேஷ நாட்களில் தலையில் கட்டும் கட்டத் துணிக்குப் பெயர் இன்றும் மெட்ராஸ்தான். நைஜீரியாவில் கல்யாணத்துக்கு உடுத்தும் ஒரு துணியை 'ஜார்ஜ்' என்கிறார்கள், நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பெயர் அது. அதே நைஜீரியாவில் கடலோரத்து கலபாரி மக்கள் நம் கட்டத் துணியை வாங்கி, அதில் சில இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து உருவி, தங்களுக்கென்று புதுக் கோலம் உண்டாக்குகிறார்கள். குழந்தை பிறந்தாலும் பெரியவர் இறந்தாலும் அந்தத் துணி வேண்டும் அவர்களுக்கு. எங்கோ ஒரு தறியில் நெய்தவருக்கு இது தெரிந்திருக்குமா என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

மெட்ராஸில் கவர்னராக இருந்த எலிஹு யேல் 1718-இல் அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரிக்கு அனுப்பிய, துணியும் அடங்கிய சரக்குப் பொதிகள் 562 பவுண்டுக்கு விலைபோயின. அந்தக் கல்லூரிக்குத்தான் அவர் பெயர் வைத்தார்கள்; இன்றைய யேல் பல்கலைக்கழகம் அதுதான்.

கிள்ளான் மணி | செவ்வாய், இரவு 8:02

மலேசியாவிலிருந்து எழுதறேன். எங்க ஊர்ல மலாய்க்காரங்க வீட்டுல கட்டற கட்டம்போட்ட சாரோங்குக்கு 'காயின் பெலிக்காட்'னு பேர். பெலிக்காட்னா பழவேற்காடு. பழவேற்காட்டுத் துறைமுகத்துல இருந்து வந்த துணி. பக்கத்து வீட்டு பெரியவர் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் புறப்படும்போது அதைத்தான் கட்டுவார். அவர்கிட்ட இந்தப் பேர் சென்னைப் பக்கத்துல இருந்து வந்ததுன்னு சொன்னப்ப நம்பவே இல்ல. அடுத்த தடவை சென்னை வரும்போது பழவேற்காடு போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வந்து காட்டணும்.

பெரம்பூர் பேரன் | செவ்வாய், இரவு 11:10

வாத்தியார் ஐயா சொன்னதுல எதையும் மறுக்கலை. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். அமெரிக்கால போட்டான், ஆப்பிரிக்கால போட்டான்னு பெருமையாப் பேசறோம். மெட்ராஸ்ல இருந்தவன் என்ன போட்டான்? இந்த ஊரோட உடைக் கதைன்னா அது காக்கியும் வெள்ளையும்தான்.

எங்க தாத்தா பி அண்ட் சி மில் தொழிலாளி. பக்கிங்ஹாம் மில் 1876, கர்நாட்டிக் மில் 1881, ரெண்டும் 1920-ல ஒண்ணாச்சு. மில் சங்கு ஊதறதை வச்சுத்தான் பெரம்பூர், புளியந்தோப்பு பூரா உலை வைக்கும். அங்க நெய்த காக்கி ட்ரில் துணி அவ்வளவு கெட்டி. தாத்தா குடுத்த ஒரு பிட்டுல அப்பாவுக்கு ஸ்கூல் டிராயர் தைச்சு, அது சித்தப்பாவுக்கும் வந்து, கடைசியா வீட்டுல கரித்துணியாத்தான் கிழிஞ்சது. 1918 ஏப்ரல் 27-ந் தேதி மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் ஆளுங்களாலதான், திரு.வி.க.வும் வாடியாவும் கூட நின்னாங்க. 1996-ல மில்லை மூடிட்டாங்க. இன்னிக்கு அந்த இடத்துல அடுக்குமாடி. சுத்திப் பாக்கறதுக்கு ஒரு கடை கூட மிச்சமில்லாததால யாரும் அதை வார இறுதி லிஸ்ட்ல சேர்க்கறதில்ல. அது எனக்கு வருத்தம்.

மெட்ராஸ் கட்டத்தை லுங்கியாக் கட்டினவனை ஹோட்டல்ல உள்ளே விடலை. அதே கட்டம் சட்டையா அமெரிக்கா போய்த் திரும்பினா மால்ல பேர் பலகை. இதையும் சேர்த்துச் சொல்லணும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் | புதன், காலை 7:15

பேரன் சொல்வது நியாயம். நான் கப்பல் ஏறிய துணியைப் பேசினேன், தெருவில் நடந்த துணியை விட்டுவிட்டேன். 60-களில் நாங்கள் மாணவர்களாக இருந்தபோது எங்கள் ஆசை டெரிலின் சட்டை மீதுதான் இருந்தது. கசங்காது, தேய்க்க வேண்டாம். பருத்திக் கட்டத்தைக் கட்டிக்கொண்டு திரிந்தால் வசதியில்லாதவன் என்று நினைப்பார்கள். பிறகு பெல்பாட்டமும் அகலக் காலரும் வந்தன. 1969-இல் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜார் வந்தது. வெளிநாட்டு நைலான் சேலை, வாட்ச், சென்ட் எல்லாவற்றுக்கும் அங்கேதான் படையெடுப்போம்.

பிராட்வே பாலு | புதன், காலை 9:30

ஐயா மூர் மார்க்கெட்டை விட்டுட்டீங்களே. எங்கப்பா பழைய கோட்டு, சட்டை எல்லாம் அங்கதான் வாங்குவார். சென்ட்ரல் பக்கத்துல சிவப்புக் கட்டடம், 1900-ல திறந்தது. 1985 மே 30 எரிஞ்சு போச்சு. அந்த இடத்துலதான் இப்ப புறநகர் ரயில் டிக்கெட் கவுன்ட்டர். பழைய புத்தகக்காரங்க அல்லிக்குளம் காம்ப்ளெக்ஸ்ல இன்னும் இருக்காங்க, பொண்ணுக்குப் புத்தகம் பிடிக்கும்னா அங்கயும் ஒரு எட்டு போங்க.

மேடம், இன்னொண்ணு. அப்பா துறைமுகத்துல இருந்தார்னு சொல்றீங்க. அது ஏற்றுமதிக்குப் போன பேல்ல இருந்து கழிச்ச பிட்டா இருக்கலாம். அந்தக் காலத்துல அப்படிக் கழிச்ச துணி ராயபுரம், மண்ணடில மலிவா வித்தாங்கன்னு பெரியவங்க சொல்வாங்க.

ராயபுரத்துக்காரி | புதன், இரவு 10:05

பாலு சார், நீங்க எழுதினதை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், "வாங்கி வந்த அன்னிக்கு என்கிட்ட காட்டி, இது சீமைக்குப் போக வேண்டியதும்மா, நமக்கு வந்துடுச்சுன்னு சொன்னார்"னாங்க. இத்தனை வருஷம் இதைச் சொன்னதே இல்ல.

பேரன் அண்ணா சொன்னது எனக்கும் உறைக்குது. அப்பா வீட்டுல லுங்கி, வேலைக்குக் காக்கி. இந்தச் சட்டை கல்யாணம், கோயில்னு போட்டிருக்கார்.

ராயபுரத்துக்காரி | சனி, இரவு 8:50

போயிட்டு வந்துட்டோம்! கால் வலிக்குது, ஆனா மனசு நிறைஞ்சு இருக்கு.

பத்து மணிக்கு முதல்ல எழும்பூர் பாந்தியன் ரோடு. கோ-ஆப்டெக்ஸ்ல கைத்தறிக் கட்டம் இருக்கும்னு தோணிச்சு. 1935-ல தொடங்கின கூட்டுறவு சங்கம், அங்க இல்லாம வேற எங்க? லுங்கி நிறைய இருந்தது, சட்டைத் துணியும் இருந்தது. திருப்பிப் பார்த்தேன், இழை உருவிப் பார்த்தேன், தறி அண்ணா சொன்ன மாதிரியே ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம். தம்பிக்கு எடுத்துட்டேன். பச்சையும் கருநீலமும். அதே ரோட்டுல மியூசியம்; பொண்ணு வெண்கலச் சிலைங்க முன்னாடி நின்னு ஒவ்வொரு நடராஜருக்கும் இடுப்புத் துணி மடிப்பு எப்படி இருக்குன்னு வரைஞ்சா. நான் கேட்கவே இல்ல, அவளாத் தான். ஒரு மணி நேரம் போயிடுச்சு.

அதனால கோடவுன் தெருவுக்குப் போகும்போது மணி பன்னெண்டே முக்கால். பாலு சார் சொன்ன கூட்டம். ஆனா ஒரு சந்துல கட் பீஸ் கடை, பெரியவர் ஒருத்தர் தரையில பாய் போட்டு உக்காந்திருந்தார். அப்பா சட்டையைப் பையில இருந்து எடுத்து நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, சட்டையைப் புரட்டலை, கசக்கலை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஓரத்தை வச்சு லேசா தேய்ச்சார். வெளிச்சத்துக்கு எதிரா தூக்கிப் பிடிச்சார். "இதை எங்க கையில பார்த்து முப்பது வருஷம் இருக்கும். என்கிட்ட இல்லம்மா, இருக்குன்னு வேற எவனாவது சொன்னா வாங்காத"ன்னார். டீ சொல்லி அனுப்பி, பொண்ணுக்கு ஒரு சுருட்டு மெரூன் கட்டத் துணி பிட்டு சும்மா குடுத்தார்.

தேவராஜ முதலி தெருவுல கண்ணாடிக் கடைங்களைப் பாத்துட்டு, வளையல் வாங்கி, சாயங்காலம் பர்மா பஜார் பின்னாடி அத்தோ சாப்பிட்டோம். வாழைத்தண்டு சூப்பு ரெண்டு கிண்ணம் குடிச்சா பொண்ணு. நூடுல்ஸ்ல புளியும் வறுத்த வெங்காயமும் போட்டுக் கையால பிசையறதை இமைக்காம பாத்துட்டு இருந்தா.

என் குர்த்திக்கு மட்டும் துணி கிடைக்கலை. பரவாயில்ல.

குறிஞ்சிப்பாடி தறி | ஞாயிறு, காலை 5:50

அக்கா, அந்தப் பெரியவர் நல்ல மனுஷர்.

நேத்து ராத்திரி மாமாகிட்ட பேசினேன். அவர் தறியில அடுத்த பாவு (நெடுக்கு நூல்) ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு சின்ன பாவு ஓட்டிக் குடுக்கறேன்னு சொல்றார். ஆனா 40 மீட்டராவது நெய்யணும், இல்லன்னா சாயம், கஞ்சி, தறி அச்சுல இழை பிணைக்கற கூலி எதுவும் கட்டாது. கெட்டிச் சாயம்தான் போட முடியும், உங்க அப்பா சட்டை மாதிரி கலங்காது. ஆனா கட்டம் அதே கட்டமா இருக்கும். இங்க வேற யாருக்காவது வேணும்னா சேர்ந்து எடுத்துக்கலாம்.

அதுக்கு இழைக் கணக்கு வேணும். ஒரு கட்டத்துல எந்த நிறம் எத்தனை இழை. மேல எண்ணினா தப்பாகும், நிறம் கலந்திருக்கும். பாக்கெட்டுக்கு அடியில பாருங்க. தண்ணி அங்கயும் போயிருக்கும், ஆனா வெயிலும் தேய்ப்பும் பட்டிருக்காது, நிறம் கொஞ்சம் தங்கியிருக்கும்.

பெரம்பூர் பேரன் | ஞாயிறு, காலை 8:20

எனக்கு 5 மீட்டர். ஒரு சட்டைக்குப் போக, மீதி லுங்கிக்கு.

கிள்ளான் மணி | ஞாயிறு, காலை 9:00

4 மீட்டர். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு.

பிராட்வே பாலு | ஞாயிறு, காலை 9:12

6 மீட்டர் போடுங்க. மிச்சம் எவ்வளவு வந்தாலும் நான் எடுத்துக்கறேன், கவலைப்படாதீங்க.

ராயபுரத்துக்காரி | ஞாயிறு, மதியம் 3:30

பாக்கெட்டைப் பிரிக்க ஒரு மணி நேரம் மனசு வரலை. அம்மாதான் பிளேடை வாங்கி மூணு பக்கம் தையலைப் பிரிச்சாங்க. அடியில உள்ளங்கை அளவுக்கு வேற ஒரு சட்டை இருந்தது. நீலம் நீலமா, மெரூன் மெரூனா, கோடு கோடா நிக்குது. பாக்கெட் மூலையில கொஞ்சம் புகையிலைத் தூள் கூட.

ஜன்னலோரம் வச்சு, பொண்ணு ஊசி முனையால தள்ளித் தள்ளி எண்ணினா, நான் எழுதினேன். நெடுக்கே: நீலம் 24, மெரூன் 12, மஞ்சள் 4, மெரூன் 12, பச்சை 8, மறுபடி நீலம். பச்சை இருக்கறதே எங்களுக்கு இப்பத்தான் தெரியும், மேல அது நீலத்தோட கலந்து போயிருக்கு. குறுக்கே மூணு தடவை எண்ணியும் மூணு கணக்கு வருது. நாளைக்குக் காலை வெளிச்சத்துல எண்ணி அனுப்பறேன்.

ஊசிநூல் அக்கா, பாக்கெட்டைத் திரும்ப அதே இடத்துல தைக்க முடியுமா? மெஷின்ல குடுக்க பயமா இருக்கு.

ஊசிநூல் | ஞாயிறு, மாலை 4:10

மெஷின் வேண்டாம். பழைய ஊசி ஓட்டை வரிசையாத் தெரியும், அதுலயே கையால தைக்கணும். மெல்லிசு ஊசி, காட்டன் நூல். பாலியஸ்டர் நூல் போட்டா பழைய துணியை அறுத்துடும். ஆனா குறுக்குக் கணக்கு எண்ணி முடிக்கற வரைக்கும் தைக்காதீங்க.

குறிஞ்சிப்பாடி தறி | ஞாயிறு, மாலை 6:45

ஆமா, தைக்காதீங்க. பச்சை பாசிப் பச்சையா, கிளிப் பச்சையா? ஒரு இழை கிடைச்சா கவர்ல போட்டு அனுப்புங்க. சாயக்காரருக்கு வாயால சொன்னாப் புரியாது.